வெறும் வயிற்றில் என்று சொன்னேன்

ஜனவரி 24, செவ்வாய்

அக்காவின் மூன்று மாத நோன்பு நேற்றுத் தொடங்கியது. ரஜப், ஷஃபான், ரமலான் மூன்றும். எழுபத்தோரு வயதிலும் ஒரு நாள் விட மாட்டாள். கடமை ஒரு மாதம்தானே, மற்ற இரண்டும் யாருக்காக என்று என் மனைவி ராத்தியா கேட்டாள். "உன் புருஷனுக்காகத்தான். அவனுக்குத்தான் நன்மை நிறையத் தேவைப்படும்" என்றாள் அக்கா. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மனூபியா அக்கா எங்களோடு வந்து மூன்று மாதமாகிறது. பழைய நகரத்து வீட்டின் படிகளை அவள் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. வந்த அன்றே அவளுடைய மருந்துப் பையை வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். இருபத்தாறு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறவன் வீட்டில் இருக்கும்போது நீ ஏன் கவலைப்படுகிறாய், இனி மாத்திரை என் பொறுப்பு என்றேன். பதினொரு வருஷமாக அவளே போட்டுக்கொண்ட மாத்திரைதான். தைராய்டு தன் வேலையை நிறுத்திவிட்டதால் தினம் எழுபத்தைந்து மைக்ரோகிராம். வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அதன் பிறகு ஒரு மணி நேரம் காபிகூடக் கூடாது.

நோன்பு நாட்களில் இதுதான் சிக்கல். விடிவதற்குள் சஹர் சாப்பிட வேண்டும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை. தன் வீட்டில் இருந்தபோது தொழுகைக்கு எழுந்ததும் போட்டுக்கொள்வாளாம். "பையை என்கிட்டயே குடுத்துடுடா ஷெத்லி, நான் பாத்துக்கிறேன்" என்றாள். மறந்துபோய் இரண்டு தடவை போட்டுக்கொள்வாய் என்று மறுத்துவிட்டேன். அவள் எதையாவது மறந்து நான் பார்த்ததில்லை. அலாரம் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 30, திங்கள்

அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்து போனபோது அக்கா சாப்பிட உட்கார்ந்திருந்தாள். கோதுமை ரவையில் பேரீச்சையும் வெண்ணெயும் போட்ட இனிப்புக் குஸ்குஸ், அதன் மேல் ஒரு கிண்ணம் மோர். மாத்திரையைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "இப்பவா?" என்று கேட்டாள். ஒரு நாளில் குடி முழுகிவிடாது என்றேன். விழுங்கிவிட்டு மோரைக் குடித்தாள்.

பிப்ரவரி 11, சனி

இன்றும் மோரோடுதான். ஒரு நாள் என்றது பதின்மூன்றாவது நாள்.

பிப்ரவரி 20, திங்கள்

கடையில் ஒருவர் தன் தாயாருக்குத் தைராய்டு மாத்திரை வாங்க வந்தார். காலைக் காபியோடு கொடுப்பதாகச் சொன்னார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். மாத்திரையைச் சாக்கடையில் போடுவதும் காபியில் போடுவதும் ஒன்றுதான், பாலும் மோரும் அதைவிட மோசம், பெற்றவளுக்காக ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திருக்க முடியாதா என்று கேட்டேன். பாவம், காது சிவக்க நின்றார். போகும்போது "நன்றி டாக்டர்" என்றார். நான் டாக்டரும் இல்லை, மருந்தியல் படித்தவனும் இல்லை. கவுண்டரில் நிற்பவன். இத்தனை வருஷத்தில் ஒருவரையும் திருத்தியதில்லை.

ஊருக்குத்தான் உபதேசம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மனிதரின் காதுதான் ஞாபகத்தில் இருந்தது. நாளையிலிருந்து எழுந்துவிடுவேன்.

பிப்ரவரி 23, வியாழன்

இரண்டு நாள் எழுந்தேன். இன்று இல்லை.

மார்ச் 9, வியாழன்

அக்காவுக்குக் குளிர் தாங்கவில்லை. வெயில் வந்த பிறகும் இரண்டு சால்வை. முகம் உப்பியிருக்கிறது, குரல் கட்டியிருக்கிறது. மாவு சலித்தபடியே உட்கார்ந்து தூங்குகிறாள். நோன்பு என்று சொல்லிக்கொண்டு தூங்குவதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாய் என்று கேலி செய்தேன். வழக்கமாக என் கேலி தரையில் விழுவதற்குள் பதில் வரும். இன்று வெறுமனே பார்த்தாள். "ஒடம்பு என் பேச்சைக் கேக்கலடா" என்றாள்.

மார்ச் 14, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் நடக்காதது ஆகிவிடுமா?

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு எண், டி.எஸ்.எச்., பத்தொன்பது. நாலுக்குள் இருக்க வேண்டியது. ஏறினால் மருந்து போதவில்லை, இறங்கினால் மருந்து கூடிவிட்டது. இது யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். டாக்டர் ஹனீன் சின்னப் பெண், எங்கள் கடைக்கு வருகிறவள், என்னிடம் மரியாதை உண்டு. நோன்பு வைக்கிறார்களே, சஹருக்கு ஒரு மணி நேரம் முன்னால் வெறும் வயிற்றில்தான் கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான்.

"என்னைப் போய்க் கேக்கிறீங்களே டாக்டர். நாள் பூரா ஊருக்கே அதைச் சொல்றவன் நான்."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அந்தப் பெண் வெட்கப்பட்டு, "மன்னிச்சுக்கங்க, எல்லார்கிட்டயும் கேக்கிற பழக்கம்" என்றாள். பக்கத்தில் அக்கா தன் கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கேட்கும். நன்றாகவே கேட்கும்.

டாக்டர் மருந்தை நூறாகக் கூட்டினாள். வெளியே வந்து டாக்சிக்கு நின்றபோது அக்கா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். ரொட்டி வாங்க வேண்டும் என்றாள்.

மார்ச் 27, திங்கள்

ரமலான் ஐந்தாம் நாள். கடை நோன்பு திறந்த பிறகும் நடப்பதால் வீடு வந்து படுப்பதற்கே வெகுநேரமாகிறது. எழுந்திருக்க உடம்பில் தெம்பில்லை. நூறு மைக்ரோகிராம் என்பதால் மோரில் பாதி போனாலும் மீதி சேரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வாடிக்கையாளர் யாராவது இப்படிச் சொன்னால் அவரை வாசலோடு திருப்பி அனுப்புவேன்.

ஏப்ரல் 20, வியாழன்

நாளைக்குப் பெருநாள். ஷர்மூலாவை அக்கா தீய விட்டுவிட்டாள்.

வெங்காயத்தையும் உலர்திராட்சையையும் ஒரு பகல் முழுக்கக் கிளறிச் செய்வது. பெருநாள் காலையில் உப்பு மீனோடு அது இல்லாத வீடு எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரில் கிடையாது. ஐம்பது வருஷமாக அவள் கைதான். அடுப்புக்கு முன்னாலேயே நாற்காலியில் தூங்கிவிட்டாள். புகையைப் பார்த்து ராத்தியா ஓடினாள். அக்கா எழுந்து, சட்டிக்குள் பார்த்து, ஒரு சத்தமும் போடாமல் அழுதாள். எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு மூன்று வயது, அவளுக்கு இருபத்திரண்டு. அன்று அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அழுது நான் பார்த்தது இன்றுதான்.

"எனக்குப் புத்தி மழுங்குதுடா. ஒளிக்காம சொல்லு, இது அந்த மறதி வியாதியா?" என்று கேட்டாள்.

இல்லை அக்கா என்றேன். அந்த இடத்திலேயே மீதியையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் ஷர்மூலா வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 25, செவ்வாய்

இரண்டாவது தடவை.

எண் பதினாறு. மருந்தைக் கூட்டியும் ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் ஹனீனுக்குப் புரியவில்லை. இரும்புச் சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, பால், மோர் என்று வரிசையாகக் கேட்டாள். இல்லை, இல்லை, இல்லை, இல்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். நான் ஒவ்வொரு தடவை இல்லை என்றபோதும் அவள் தாளில் ஒரு கோடு போட்டாள். மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள். வேறு வழியில்லாமல் கேட்பதாகச் சொன்னாள்.

நூற்றிருபத்தைந்து. அதற்கும் இறங்காவிட்டால் வயிற்றில் உறிஞ்சுவதில் ஏதோ கோளாறு, குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்றாள். அக்காவின் கை என் கையைப் பிடித்தது. குழாய் என்றால் அவளுக்குப் பயம். எங்கள் அப்பாவுக்குக் கடைசியில் குழாய் விட்டார்கள்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சீ.

ஏப்ரல் 26, புதன்

நோன்பு முடிந்துவிட்டது. இனி எளிது. இன்று காலை அக்கா கண் விழித்ததும் மாத்திரையும் ஒரு தம்ளர் தண்ணீரும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கடிகாரத்தைப் பார்த்தபடி நானே உட்கார்ந்திருந்தேன். இழுப்பறையில் பழைய எழுபத்தைந்து பெட்டி மீதி இருக்கிறது. சரியாகக் கொடுத்தால் அந்த எழுபத்தைந்தே போதும் என்று தோன்றியது. ஆனால் எண் சீக்கிரம் இறங்கினால்தானே குழாய் வேண்டாம் என்பார்கள்? ஆகவே நூற்றிருபத்தைந்தையே கொடுத்தேன்.

மே 13, சனி

அக்கா தேறிவிட்டாள். சால்வைகள் பெட்டிக்குள் போய்விட்டன. ராத்தியாவோடு வம்பளக்கிறாள், என் வழுக்கையைப் பற்றிப் புதிதாக ஒரு பாட்டே கட்டியிருக்கிறாள். கடையில் எல்லோரிடமும் சொன்னேன், ஒழுங்காக மருந்து கொடுத்தால் ஒரே மாதத்தில் எழுந்து நிற்பார்கள் என்று. வெட்கமில்லாமல் சொன்னேன்.

மே 25, வியாழன்

நேற்று வீட்டிலுள்ள கம்பளிகள் அத்தனையும் துவைத்தாள். இன்று சமையலறைச் சுவர். தூக்கமே வரவில்லை என்கிறாள். அவள் உடுப்புகள் தொளதொளத்துப் போனதாக ராத்தியா சொன்னாள். வெயில் காலம் என்று பதில் சொன்னேன்.

ஜூன் 2, வெள்ளி

தேநீர்க் கண்ணாடி அவள் கையில் கிணுகிணுத்தது. கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் ஏதோ குதிக்கிறது என்று ராத்தியாவிடம் சொன்னாளாம், என்னிடம் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுத இந்த நோட்டில்கூட முடியாது. கை நடுக்கம், தூக்கமின்மை, மெலிவு, படபடப்பு. மருந்து கூடிப்போனதற்கு என்னென்ன அடையாளம் என்று யார் கேட்டாலும் இந்த வரிசையில்தான் சொல்வேன். செவ்வாய்க்கிழமை பரிசோதனை இருக்கிறது. இன்னும் நாலு நாள். அதுவரை நானாகக் குறைத்தால் ஏன் குறைத்தாய் என்று கேட்பார்களே.

ஜூன் 5, திங்கள்

தொழுதுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். ஆம்புலன்ஸ். இதயம் தாறுமாறாக அடிக்கிறது, நிமிடத்துக்கு நூற்றைம்பதுக்கு மேல். ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடக் கூடாது என்று ஊசி போட்டார்கள். இன்று இரவு தாண்ட வேண்டும் என்றார் பெரிய டாக்டர். அல்லாஹ், அவளை எடுத்துக்காதே. என் தப்புக்கு அவளை எடுத்துக்காதே.

ஜூன் 6, செவ்வாய்

தாண்டிவிட்டாள்.

டாக்டர் ஹனீன் வந்தாள். எண் இப்போது பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது. ஆறு வாரத்துக்கு முன் போதாமல் இருந்த உடம்புக்கு இப்போது எப்படி இவ்வளவு கூடியது என்று அவளும் பெரிய டாக்டரும் கட்டிலோரம் நின்று பேசினார்கள். வயிற்றுக்குக் குழாய், சுரப்பிக்கு ஸ்கேன், இன்னும் ஏதேதோ. தைராய்டு மருந்தையே இனி முழுக்க நிறுத்திப் பார்க்கலாமா என்றுகூட ஒரு பேச்சு வந்தது. அதை நிறுத்தினால் அவளுக்கு வேறு கதியில்லை, பதினொரு வருஷமாக அதில்தான் உயிரோடு இருக்கிறாள். கடைசியில் ஹனீன் பெரியவரிடம் தாழ்ந்த குரலில், "நான்தான் அவசரப்பட்டுக் கூட்டிட்டேன் போல, தப்பு என்னோடதுதான்" என்றாள்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். காதில் விழுந்தது. வாயைத் திறக்கவில்லை. என்ன பிறவி நான்?

ஜூன் 7, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் முதல் ஆளாக டாக்டர் ஹனீனின் அறை வாசலில் நின்றேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. ஜனவரி கடைசியிலிருந்து பெருநாள் வரைக்கும் சாப்பாட்டோடும் மோரோடும் கொடுத்தேன், பெருநாளுக்குப் பிறகுதான் வெறும் வயிற்றில் என்றேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாலு மாதத்துக்கு மேலாக விழுங்க முடியாமல் வைத்திருந்ததைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் தேவலை. பேனாவை எடுத்துத் தாளில் எழுதியிருந்த குழாயையும் ஸ்கேனையும் அடித்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ரெண்டு தடவை நான் கேட்டேன், ஷெத்லி ஐயா."

"ஆமா டாக்டர்."

"ரெண்டு தடவையும் உங்ககிட்ட மன்னிப்பு வேற கேட்டேன்."

சில நாள் மருந்தை நிறுத்திவைத்து, மறுபடி பழைய எழுபத்தைந்தில் தொடங்கலாம் என்றாள். பெரிய டாக்டரிடம் என்ன காரணம் சொல்வாள் என்று கேட்டேன். "உண்மையைத்தான்" என்றாள்.

ஜூன் 8, வியாழன்

இதயத் துடிப்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது. அக்காவுக்கு நானே சூப் ஊட்டினேன், பிறகு அவளிடமும் சொன்னேன். மாத்திரையை எப்படிக் கொடுத்தேன், டாக்டரிடம் என்ன சொன்னேன், ஏன் இப்படி ஆனது எல்லாம். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியும்டா. மோரும் மாத்திரையும் ஒண்ணா உள்ள போனது என் வாய்க்குத் தெரியாதா?"

அப்படியென்றால் டாக்டர் கேட்டபோது நீ ஏன் சொல்லவில்லை என்றேன். கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு முன்னாடி உன்னைப் பொய்யன்னு சொல்லச் சொல்றியா? உன்னை இடுப்புல தூக்கி வளத்தவ நான். உன் மூஞ்சி சுருங்கினா எனக்குத் தாங்காது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன்."

மறதி வியாதியா என்று அழுதாளே, அன்றும் காத்திருந்தாளா? கேட்கவில்லை. கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் வெளியே போய் அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆள், ஆஸ்பத்திரிக் குழாயடியில்.

ஜூன் 9, வெள்ளி

ராத்தியாவுக்கும் தெரிந்துவிட்டது. என்னைத் திட்டவில்லை. "எழுந்திருக்க முடியலேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எழுந்து குடுத்திருப்பேனே" என்றாள். இது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவளை எழுப்ப நினைக்கவே இல்லை. எழுப்பினால் முடியவில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே.

ஜூன் 14, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என் மேசைக்குப் போனாள். இழுப்பறையைத் திறந்து, மருந்துப் பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். நான் நாற்காலியில்தான் இருந்தேன்.

ஜூன் 28, புதன்

ஹஜ்ஜுப் பெருநாள். ஆடு அறுத்தோம். அக்கா ஈரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் உப்புப் போட்டது போதாது என்றாள். பிறகு எழுபத்தைந்து மறுபடி தொடங்கிப் பதினோரு நாளாகிறது என்று தானாகவே சொன்னாள். இப்போது நாட்களை அவளே எண்ணிக்கொள்கிறாள்.

ஜூலை 19, புதன்

கடையில் ஒரு பெண்மணி தைராய்டு மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டால் என்ன ஆகும் டாக்டர் என்று கேட்டார். நான் டாக்டர் இல்லை அம்மா என்றேன். அவருக்குக் குழப்பமாகிவிட்டது. மருந்தியல் படித்த எங்கள் முதலாளி அம்மாவைக் கூப்பிட்டு அவரிடமே கேட்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

காலையில் ஆய்வகத் தாள் வந்தது. எண் இரண்டு புள்ளி நாலு. மாடிப்படியிலேயே உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். ஈசிஜியும் சீராக இருக்கிறது.

மாலையில் டாக்டர் ஹனீனிடம் போனோம். ஜூனுக்குப் பிறகு நான் அவளை நேரில் பார்க்கவில்லை. என்ன சொல்ல வேண்டும், எந்தெந்த நேரத்தில் மாத்திரை, எப்போது காபி, எல்லாவற்றையும் பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இந்தத் தடவை ஒரு எழுத்து தப்பக் கூடாது. பெயர் கூப்பிட்டதும் எழுந்தேன்.

அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "நீ இங்கயே இரு."

எப்போதும் நான்தானே பேசுவேன் என்றேன்.

"அதான்" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

பக்கத்தில் இருந்தவர் உள்ளே போனது உங்கள் அம்மாவா என்று கேட்டார். அக்கா என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை விளங்கவில்லை. ஒருமுறை இரண்டு பேரும் சிரித்தார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. என் முறை வந்ததோ என்று இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன். முறை எங்கே வரப்போகிறது.

வெளியே வந்தாள். மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எழுபத்தைந்தே போதும், ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் சொன்னாளாம். அடுத்த வருஷ நோன்புக்கும் எப்படிப் போட்டுக்கொள்வது என்று அக்காவே கேட்டு வைத்துக்கொண்டாளாம். நான் உள்ளே போய் ஒரு சலாம் மட்டும் சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கோபமாக இல்லை. சின்ன வயதில் என் காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கும்போது பார்ப்பாளே, அப்படி.

"வேணாம்டா. நான் சொல்றதை அந்தப் பொண்ணு நம்புறா. அது அப்படியே இருக்கட்டும்."

பஸ் நிறுத்தம் வரை அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள்.